ஆர்.டி.எஸ்.பி (கனடாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கு): பத்து வருடம் கை வைக்காதீர்கள்

மகனுக்கு 9 வயது, ஓட்டிசம். டி.டி.சி. (மாற்றுத்திறனாளிக்கான வரிச்சலுகை) போன மாதம்தான் கிடைத்தது. குடும்ப வருமானம் 35,000 டொலர் அளவில்தான் எப்போதும். போடக் காசில்லை. ஆர்.டி.எஸ்.பி. கணக்குத் திறந்து பயன் உண்டா? (ஸ்காபரோ)

இந்தக் கிழமையே திறவுங்கள். உங்கள் வருமானத்துக்கு ‘பொண்ட்’ என்ற அரசு உதவிப்பணம் வருடம் 1,000 டொலர், ஒரு சதமும் போடாமலே வரும். டி.டி.சி.யைப் பிறந்த வருடத்திலிருந்து ஏற்றிருந்தால் விடுபட்ட வருடங்களின் பொண்டும் சேர்ந்து விழும். அதற்குத் தாய், தகப்பன் இருவரும் அந்த வருடங்களுக்கெல்லாம் வரி ஃபைல் பண்ணியிருக்க வேண்டும். கையில் காசு வரும்போது, நீங்கள் போடுவதற்கு ஏற்ப அரசு சேர்க்கும் ‘கிராண்ட்’டைப் பாருங்கள். முதல் 500 டொலருக்கு மூன்று மடங்கு, அடுத்த 1,000க்கு இரண்டு மடங்கு. ஏழு வருடக் கிராண்ட் பாக்கியிருந்தால் 3,500 டொலர் போட்டே 10,500 வாங்கலாம். ஒரே வருடத்தில் அதற்கு மேல் தரமாட்டார்கள்.

தம்பிக்குச் சிறுநீரகப் பிரச்சினை. எவ்வளவு கிடைக்கும்?

வயது, வருமானம், டி.டி.சி. இருக்கிறதா என்பது: மூன்றையும் எழுதாமல் தொகை கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எழுதி அனுப்புங்கள்.

அவசரத்துக்கு 1,000 டொலர் எடுக்கலாமா? கிராண்ட் வந்து மூன்று வருடம். (மார்க்கம்)

வேண்டாம். எடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் கடந்த பத்து வருடத்துக் கிராண்ட், பொண்டிலிருந்து 3 டொலர் அரசுக்குத் திரும்பும். உங்கள் 1,000க்காக 3,000 போகும். கடைசியாக வந்த அரசுப் பணத்துக்குப் பத்து வருடம் ஆகும்வரை கை வைக்காதீர்கள்.

டி.டி.சி. எடுத்துத் தர ஒரு முகவர் 25 வீதம் கேட்கிறார். கொடுக்கலாமா? (பிராம்ப்டன்)

கொடுக்காதீர்கள். வீதக் கணக்கில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பத்து வருடத்துக்குப் பின்னோக்கி வரும் வரிப்பணம் உங்கள் குடும்பத்தின் பணம். அதில் கால்வாசியை ஓர் இலவசப் படிவத்துக்காகக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். டி2201 என்ற அந்தப் படிவத்தின் முதற்பகுதியை, வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ.யின் ‘மை அக்கவுண்ட்’ இணையத்தளத்திலோ தொலைபேசியிலோ நீங்களே முடிக்கலாம். கிடைக்கும் இலக்கத்தை வைத்தியரிடம் கொடுத்தால் மறுபகுதியை அவர் நிரப்புவார். முகவரால் அதை எழுதவே முடியாது. வைத்தியர் ஒரு கட்டணம் கேட்கலாம். அதை மருத்துவச் செலவில் காட்டுங்கள்.

விண்ணப்பம் தோற்பது வைத்தியரின் பகுதியில்தான். நோயின் பெயரை மட்டும் எழுதி, கீழே ‘சமாளிக்கிறார்’ என்று போட்டுவிடுவார். சி.ஆர்.ஏ. பார்ப்பது நாளாந்தப் பாதிப்பை: அதே வயதுக்காரரைவிட மூன்று மடங்கு நேரம் எடுக்கிறதா, 90 வீத நேரமும் அப்படியா என்று. ‘உடுப்புப் போட 45 நிமிடம், பொத்தானை அம்மாதான் பூட்ட வேண்டும்’ என்ற மாதிரி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். மறுத்தால் வைத்தியரின் புதிய கடிதத்தோடு மீளாய்வு கேளுங்கள். முறையான ஆட்சேபனைக்கு 90 நாள்தான்.

அக்காவுக்கு 52 வயது, ஓ.டி.எஸ்.பி. (ஒன்ராறியோவின் மாற்றுத்திறனாளி உதவிப்பணம்) எடுக்கிறார். திறக்கலாமா?

59 வரை திறக்கலாம், போடலாம். ஆனால் கிராண்டும் பொண்டும் 49 வயதாகும் வருடத்தோடு முடிந்துவிட்டன. அவருக்கு இன்னும் ஒரு பயன் மிச்சம்: டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் உள்ள காசை ஓ.டி.எஸ்.பி. சொத்தாக எண்ணும், ஆர்.டி.எஸ்.பி.யில் உள்ளதை எண்ணாது.

மகளுக்கு 17. வருமானமே இல்லை. வரி ஃபைல் பண்ண வேண்டுமா?

கட்டாயம். 19 வயதாகும் வருடத்திலிருந்து அவளுடைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தியதை. இந்த வருடத்துக்கு ஃபைல் பண்ணாவிட்டால் 19 வயதாகும் வருடத்துப் பொண்ட் நின்றுவிடும்.