பைரன் கவிதையும் யூத மெட்டும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘ஹீப்ரூ மெலடீஸ்’ (யூத மெட்டுகளோடு வந்த கவிதைத் தொகுப்பு) மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா?

பதில்: தொகுப்பில் மிகப் புகழ்பெற்ற ‘ஷீ வாக்ஸ் இன் பியூட்டி’ நிச்சயமாகப் பாட்டுக்கு மெட்டுதான். உறவுக்காரப் பெண்ணொருத்தி ஜிகினா மின்னும் கறுப்புத் துக்க உடையில் விருந்துக்கு வந்திருந்தாள். அவளைப் பார்த்து 1814 ஜூனில் பைரன் எழுதியது. இசையமைப்பாளர் ஐசக் நாதன் அவரை அணுகியதே அதற்குப் பிறகுதான். இசையோடு தொகுப்பு வெளிவந்தது 1815-ல்.

கேள்வி: அந்தக் கவிதைக்கு நாதன் போட்டது யூத ஜெபாலய மெட்டாமே, அதில் அழகியைப் பாடலாமா? பொருந்துமா?

பதில்: ரொம்பவே பொருந்தும். நாதன் எடுத்தது ‘லெகா தோதி’க்கு லண்டன் யூதர்கள் பாடிவந்த ஒரு மெட்டு. 16-ம் நூற்றாண்டில் (இன்றைய இஸ்ரேலிலுள்ள) சஃபேத் ஊரில் ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதிய அந்தப் பாடல், வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கிறது. கடைசிச் சரணத்தில் சபையே வாசல் பக்கம் திரும்பித் தலைவணங்கும். உள்ளே வரும் பெண்ணைப் பாடும் மெட்டு இது. பைரன் கவிதையிலும் ஒரு பெண்தான் நடந்து வருகிறாள். நாதன் கெட்டிக்காரர், அவருடைய அப்பா கேன்டர்பரியில் ஜெபாலயப் பாடகர். தவிர, ‘லெகா தோதி’க்கு இதுதான் மெட்டு என்று கட்டாயம் கிடையாது. ஊருக்கு ஒன்று உண்டு.

கேள்வி: ஆயிரம் வருஷப் பழைய மெட்டுகள் என்கிறார்களே?

பதில்: அது நாதனின் விளம்பரம். சில மெட்டுகள் பழைய எருசலேம் ஆலயத்தில் ஒலித்தவை என்றும் சொல்லிக்கொண்டார். ‘ஆன் ஜோர்டான்ஸ் பேங்க்ஸ்’ பாட்டுக்கு அவர் போட்டது யூதர்களின் ஹனுக்கா பண்டிகையில் பாடும் ‘மாஓஸ் சூர்’ பாடலின் மெட்டு. அதன் வேர் ஜெர்மானிய நாட்டுப்பாடலிலும் தேவாலய இசையிலும் இருக்கிறது. அந்த ஆலயத்தில் அது ஒலித்திருக்க வழியே இல்லை. அதனால் மெட்டின் அழகு குறைந்துவிடாது என்பது வேறு விஷயம்.

கேள்வி: அட்டையில் ஜான் பிரஹாம் பெயரும் இருக்கிறதே, அவரும் இசையமைத்தாரா?

பதில்: இல்லை. அன்றைய நட்சத்திரப் பாடகர், அவரும் யூதர். லாபத்தில் பாதிக்குப் பேசிப் பெயரைக் கொடுத்தார்.

கேள்வி: பைரனுக்கும் நாதனுக்கும் பழக்கம் எப்படி?

பதில்: நெருக்கம்தான். 1816-ல் ஊரே தூற்ற, பைரன் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். அப்போது நாதன் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கான புளிப்பில்லாத அப்பம் அனுப்பினார். பஸ்கா கதையில் உயிர் பறிக்க வரும் சங்காரதூதனிடமிருந்து அது தன்னைக் காக்கும் என்று பைரன் நன்றிக் கடிதம் எழுதினார். நாதன் 1841-ல் ஆஸ்திரேலியா போய், 1864-ல் சிட்னியில் குதிரை டிராமிலிருந்து இறங்கும்போது அடிபட்டு இறந்தார்.

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் இசையமைத்த பைரன் பாட்டும் இதே மெட்டா?

பதில்: இல்லை. இதே தொகுப்பிலுள்ள ‘மை சோல் இஸ் டார்க்’ கவிதையின் ஜெர்மன் வடிவத்துக்கு 1840-ல் அவர் போட்டது முழுக்கச் சொந்த மெட்டு. யூத இசையைத் தேடுகிறவர்கள் நாதனிடமே போகட்டும்.