திருப்புளி யார் கையில் இருக்கிறது? – ஓய்வுபெற்ற பொறியாளரிடம் கேள்வி பதில்

மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் ஞாயிறுதோறும் பெண் பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்துகிறேன். பெண்களைப் பொறியியல் பக்கம் கொண்டுவர ஊரளவில் என்ன செய்யலாம் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன்.

கேள்வி (அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்): ஜூன் 23 உலகப் பெண் பொறியாளர் தினம். சிறப்பு விருந்தினரை அழைத்து விழா நடத்த நினைக்கிறோம். யாரைக் கூப்பிடலாம்?

யாரையும் வேண்டாம், அம்மா. பொன்னாடை, குத்துவிளக்கு, நீளமான பேச்சு, கடைசியில் குரூப் போட்டோ. பிள்ளைகள் கைதட்டிவிட்டு எழுந்து போவார்கள். பொன்னாடைக் காசில் பன்னிரண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப் வாங்குங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே டியூப்தான்.

பள்ளிக்கு முன்னால் ஓடும் மழைநீர் வடிகாலை அளக்கச் சொல்லுங்கள். டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு சொட்டு நீல மை விடுங்கள். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் கணக்கு பொய்யாகிவிடும், அதனால் முதலில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்கேல் ஒட்டிய இரண்டு கம்புகளைப் பத்து மீட்டர் இடைவெளியில் வடிகாலின் அடித்தரையில் நிறுத்துங்கள். கரையில் நின்றபடியே கம்பை இறக்கலாம், யாரும் உள்ளே இறங்க வேண்டாம். தண்ணீர் மட்டம் ஒரு கம்பில் 62 செ.மீ., இன்னொன்றில் 67 என்றால் இரண்டாவது இடம் 5 செ.மீ. பள்ளம். பத்து மீட்டருக்கு 5 செ.மீ. என்றால் 200-க்கு 1 சரிவு. எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

எங்கள் ஊரில் இப்படி அளந்துகொண்டே போனபோது, ஓர் இடத்தில் தரை இறங்குவதற்குப் பதிலாக 3 செ.மீ. ஏறியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தேங்குகிற வீட்டு வாசல் அது. பிள்ளைகள் கிராஃப் தாளில் வரைந்து ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து அளவைப் படித்தாள். "உனக்கென்ன தெரியும், உட்கார்" என்று யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர்தான் டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்களுக்கும் ஜூன் 23-இல் ஆரம்பித்தால் ஆகஸ்ட் 15-க்குள் முடிக்கச் சரியாக இருக்கும்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவியின் அப்பா): மகளுக்கு ஆர்வம் வர எந்த ரோபோ கிட் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். படத்தைப் பார்த்து ஒட்டினால் ஓடும், அடுத்த வாரம் பரணில் ஏறும். சில நூறு ரூபாய்க்கு, வோல்ட்டும் கரண்டும் அளக்கிற ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் எரியாத டார்ச் ஒன்று கட்டாயம் இருக்கும். பேட்டரியா, சுவிட்சா, பல்பா என்று அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்.

கேள்வி (இளைஞர் மன்றச் செயலாளர்): அக்கா, "பெண்களுக்கு மட்டும்" என்று நடத்துவதும் பாகுபாடுதானே? எங்கள் மன்றத்தில் எல்லாரும் சேர்ந்துதான் செய்கிறார்கள்.

தம்பி, அடுத்த கூட்டத்தில் ஒரு டேபிள் ஃபேனை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். திருப்புளியை ஒரு பையன் எடுப்பான். கழற்றிய ஸ்க்ரூவை மூடியில் போட்டுப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வது ஒரு பெண். நோட்டில் எழுதுவது இன்னொரு பெண், ஏனென்றால் "அவளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்". யாரும் யாரையும் தடுத்திருக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, கப்பாசிட்டர் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தவன் ஒருவன்தான்.

அதே செயலாளர்: எங்கள் பிள்ளைகள் அப்படி இல்லை அக்கா. மேலும், கூச்சப்படுகிற பையன்களும் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே போவார்கள்?

இரண்டாவது கேள்வி நியாயம். முதலாவதை ஃபேன் சொல்லும்.

இடையில் ஒரு தாய், திருவாரூரிலிருந்து: தம்பி சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பையன்களும் இருப்பார்கள் என்றால் என் மாமியார் பேத்தியை அனுப்பவே மாட்டார். நீங்கள் சமத்துவம் பேசுவீர்கள், என் பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

செயலாளர்: அப்போது மாமியாருக்குப் பயந்து எல்லாரும் பிரிந்தே இருக்க வேண்டுமா? நாளைக்குக் கல்லூரியில் கலந்துதானே படிக்கப் போகிறார்கள்?

அதே தாய்: கல்லூரி வரைக்கும் வந்தால்தானே?

இருவரும் நிறுத்துங்கள், எனக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன. என் வழக்கம் இது: புதிதாக வருகிறவர்களுக்கு முதல் சில மாதம் பெண்கள் மட்டும். கை பழகியபின் தம்பிகளும் வரலாம், கூச்சப்படுகிற பையன்களும் அப்போது தாராளமாக வரலாம். ஆனால் ஒரு சட்டம் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலை மாறும். கருவி பிடித்தவர் எழுத வேண்டும், எழுதியவர் கருவி பிடிக்க வேண்டும். தம்பி, இந்தச் சட்டத்தோடு நடத்தினால் உங்கள் மன்றத்தின் மேல் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அந்த அம்மா சொல்வதும் அப்படியே உண்மை. பிள்ளை வாசலைத் தாண்டுவதுதான் முதல் வேலை.

கேள்வி: வீட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டலாமா? பிள்ளைகளுக்குப் பயம் போகுமே?

கூடாது. அந்தப் பயம் போகவே கூடாது. 230 வோல்ட் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். வயர்களைக் காட்ட ஒன்பது வோல்ட் பேட்டரி போதும். பழைய மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் எது வந்தாலும் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுத்தான் எங்கள் மேஜையில் வைப்போம். "பார்த்துக்கொள்கிறேன் டீச்சர்" என்று யாரும் சொருகிப் பார்க்க முடியாது. ஃபேன் கப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், அதைப் பெரியவர் யாராவது டிஸ்சார்ஜ் செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு 172 கட்-ஆஃப். எந்த பிராஞ்ச், எந்தக் கல்லூரி?

இது என் துறை இல்லை. கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடுவதுதான் அந்தக் கட்-ஆஃப் என்பதோடு என் அறிவு முடிந்தது. மாவட்டத்தில் இருக்கும் கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போங்கள்.

கேள்வி: 181. ஐ.டி.யா, ஈ.சி.ஈ.யா?

மேலே பாருங்கள்.

கேள்வி (பிளஸ் டூ மாணவியின் சித்தி): அவளுக்கு சிவில் ஆசை. சைட்டில் வெயிலில் நிற்கிற வேலை பெண்ணுக்கு ஒத்து வராது என்கிறார்கள்.

உங்கள் தெருவில் வீடு கட்டினால் போய்ப் பாருங்கள். செங்கல்லும் கலவையும் தலையில் சுமந்து சாரத்தில் ஏறுவது யார்? சித்தாள் வேலைக்குப் பெண்ணுக்கு வெயில் ஒத்து வருகிறது. கரண்டி பிடிக்கிற கொத்தனாராகவும், வரைபடம் பிடிக்கிற என்ஜினியராகவும் ஆகும்போது மட்டும் ஒத்து வராமல் போய்விடுகிறது. கூலி ஏறும் இடத்தில்தான் இந்த வெயில் சுடும்போலிருக்கிறது.

இது புதிதாக நடக்கிற விஷயமும் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களிலேயே பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் படித்தார்கள். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். அவர்கள் இருவரும் அங்கே வருவதற்கு முன் எலக்ட்ரிகல் பிரிவில் ஏ. லலிதா மட்டும் இருந்தார். பதினெட்டு வயதில் கணவனை இழந்து, சிறு மகளை வீட்டில் விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். அத்தனை ஆதரவு இருந்தும் விடுதியில் தனி ஆளாக இருந்தது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பெண்ணை மட்டும் தனியாக எதிலும் சேர்க்காதீர்கள். கூட ஒருத்தியையாவது பிடியுங்கள்.

கேள்வி (தன்னார்வலர், புதுக்கோட்டை மாவட்டம்): முதல் வாரம் முப்பது பேர், இப்போது ஆறு பேர். ஆர்வம் குறைந்துவிட்டதா?

ஆர்வத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முடிகிற நேரத்துக்கு ஊருக்குப் பேருந்து இருக்கிறதா? தண்ணீர் வருகிற நேரமும் உங்கள் வகுப்பும் ஒன்றா? குடம் தூக்குவது அவள்தானே! மூன்றாவது, கழிப்பறை. எங்கள் நூலகத்தில் கழிப்பறைச் சாவி எதிர் டீக்கடையில் தொங்கியது. ஆண்கள் உட்கார்ந்திருக்கிற கடையில் போய்ச் சாவி கேட்க எந்தப் பெண்ணும் தயாராக இல்லை. தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், பெரிய பிள்ளைகள் மாதத்தில் ஒரு வாரம் வரவே இல்லை. சாவியை நூலகத்துக்குள் ஆணியில் மாட்டினோம், ஒரு மூடி போட்ட குப்பைக்கூடை வைத்தோம். திரும்பி வந்தார்கள்.

கேள்வி: மேடம், என் மகள் ஆறாம் வகுப்பு. நல்ல ரோபோ கிட்...

டார்ச்.

கேள்வி (குடும்பத் தலைவி, 36 வயது): டிப்ளமோ முடித்தேன். கல்யாணத்துக்குப் பின் வேலைக்குப் போகவில்லை. எல்லாம் மறந்துவிட்டது. இனி நான் என்ன செய்ய?

மறக்கவில்லை, துருப்பிடித்திருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் போய் "சனிக்கிழமை ஒரு மணி நேரம் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஓம் விதியை ஏழாம் வகுப்புக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் திரும்பி வந்துவிடும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை உங்கள் மாவட்டத்திலும் இருக்கும். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியர்கள் கிடைக்காமல் அலைவார்கள், உங்களை விடமாட்டார்கள்.

கேள்வி: அரசு உதவித்தொகை எதாவது?

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். டிப்ளமோ, பொறியியல் சேர்கிற பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதற்கு வருமான வரம்பு உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள், கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி): எங்கள் ஊரில் பட்டறையும் இல்லை, நூலகமும் பூட்டியே இருக்கிறது. நான் மட்டும் என்ன செய்ய முடியும், டீச்சர்?

நீ மட்டும் வேண்டாம், இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொள். அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இருக்கிறதா? சைக்கிள் கடையில் பெடல் ஸ்பானர் ஒரு மணி நேரம் இரவல் கேள். கடைக்காரர் "நான் கழற்றித் தருகிறேன் பாப்பா" என்பார். வேண்டாம் என்று சொல். வலது பெடல் வழக்கம்போலக் கழலும். இடது பெடல் கழலாது. பலம் போதவில்லை என்று நினைக்காதே, அது எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று மூன்று பேரும் யோசித்து எனக்கு எழுதுங்கள். மற்றவர்கள் பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், குறிப்பாக இளைஞர் மன்றத் தம்பி.