கேட்டதும் சொன்னதும்: கில்கென்னிக்கு ஒரு நாள்

கேள்வி: மகள் குடும்பம் அயர்லாந்தில், டப்ளினில் இருக்கிறது. ஜூன் மாதம் நானும் இவரும் போகிறோம். இவருக்கு 70 வயது, முழங்கால் நோ. மருமகனுக்கு ஒரு நாள்தான் லீவு எடுக்கலாமாம். பழைய காலத்து ஊர் ஒன்று பார்க்க ஆசை என்றேன், கில்கென்னிக்குப் போவோம் என்கிறார். சுற்றுலா பஸ்ஸில் போனால் அதோடு இன்னும் இரண்டு மூன்று இடமும் காட்டுவார்களாம். எது நல்லது?
– வாசகி, கொக்குவில்

பதில்: பஸ்ஸை விடுங்கள். அந்தப் பஸ்கள் கில்கென்னிக்கு ஒதுக்குவது கொஞ்ச நேரம். இறங்கி, படம் எடுத்து, கழிப்பறைக்கு வரிசையில் நின்று, திரும்ப ஏறுவதற்குள் அது முடிந்துவிடும். முழங்கால் நோக்காரரை ஏற்றி இறக்குவதே ஒரு நாள் வேலை.

டப்ளினிலிருந்து கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர், எங்கள் கணக்கில் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகிற தூரம் என்று வையுங்கள். ஹூஸ்டன் ஸ்டேஷனில் வாட்டர்போர்ட் போகும் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம் மட்டில் கில்கென்னி. மருமகன் கார் ஓட்டுகிறேன் என்றாலும் நான் ரயில்தான் சொல்வேன், பாவம், அவருக்கும் அன்றைக்கு லீவுதானே.

கில்கென்னியில் பார்க்க வேண்டியதெல்லாம் ஏறத்தாழ ஒரே கோட்டில் கிடக்கிறது. ஒரு முனையில் கோட்டை, மறுமுனையில் புனித கனிஸ் பேராலயம், நடுவில் கடைத்தெரு. நோர் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஸ்டேஷனிலிருந்து நேரே நடந்து பாலத்தைக் கடந்தால் இடப்பக்கம் கோட்டை தெரியும் என்பதால் வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். ஸ்டேஷனில் ஒரு டாக்சி பிடித்து நேரே பேராலயத்துக்குப் போங்கள், அங்கிருந்து கோட்டைப் பக்கம் மெல்ல நடந்து வாருங்கள். களைத்துப் போகிற நேரத்தில் கோட்டைப் பூங்கா வாங்கில் இருக்கலாம், ஸ்டேஷனும் கிட்ட.

ஊரின் பெயரே இந்தப் பேராலயத்திலிருந்து வந்ததுதான். ஐரிஷ் மொழியில் ‘கனிஸின் கோவில்’ என்று பொருள். இப்போது நிற்கும் கட்டடம் 13ஆம் நூற்றாண்டினது. பக்கத்தில் அதைவிடப் பழைய வட்டக் கோபுரம் ஒன்று, 30 மீற்றர் உயரம், புகைபோக்கி மாதிரி மெலிந்து நிற்கும். உள்ளே செங்குத்தான ஏணிப்படிகளில் உச்சிவரை ஏறலாம். நான் ஏறினேன், இறங்கும்போது கால் நடுங்கியது. உங்கள் இவர் கீழே நின்று கையசைக்கட்டும். ஞாயிறு காலை போகாதீர்கள், ஆராதனை நடக்கும்.

வருகிற வழியில் ரோத் வீடு. ஒரு வணிகர் 1594 இலிருந்து 1610 வரை கட்டியது. ஒன்றின் பின்னால் ஒன்றாக மூன்று வீடு, இடையில் முற்றம், கடைசியில் தோட்டம். எங்கள் நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த முற்றத்தில் நின்றால் ஏதோ தெரிந்த இடம் போலவே இருக்கும். அப்புறம் ‘பட்டர் ஸ்லிப்’ என்கிற ஒடுக்கமான ஒழுங்கை, பழைய காலத்தில் வெண்ணெய் விற்ற இடம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

மழை பெய்தால் கவலைப்படாதீர்கள். கில்கென்னியின் கறுப்பு மாபிள் பெயர்பெற்றது. உண்மையில் அது மாபிள் இல்லை, தேய்த்து மினுக்கிய சுண்ணாம்புக்கல். மழை பட்டதும் கன்னங்கரேலென்று மின்னும், குனிந்து பார்த்தால் அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள், ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. கிணறு வெட்டும்போது சுண்ணாம்புக்கல் உடைத்துப் பழகிய ஊர்க்காரருக்கு இதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்? குடை மட்டும் கொண்டுபோகாதீர்கள். என்னுடையதைப் பாலத்தடியிலேயே காற்று மடித்துவிட்டது. தொப்பி வைத்த மழைச்சட்டை போதும்.

கோட்டை உள்ளே விடுவதை எத்தனை மணிக்கு நிறுத்துகிறார்கள் என்று முதல் நாளே பாருங்கள். உள்ளே படிகள் உண்டு, ஆனால் நீண்ட ஓவியக் கூடத்தை விடக்கூடாது, தலையை நிமிர்த்தி அந்த மரக்கூரையில் தீட்டியிருப்பதைப் பாருங்கள். பூங்காவுக்குக் காசு இல்லை. ஜூனில் இரவு பத்து மணி மட்டும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. சாப்பாட்டுக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். தம்பியின் மனைவி விடிய எழும்பி அவித்துத் தந்த புட்டு, அந்தக் குளிரில் மத்தியானம் உதிர்த்தால் மணல் மாதிரி கொட்டியது.

கேள்வி: அந்த ஊரில் சூனியக்காரி ஒருத்தி நடத்திய விடுதி இன்னும் இருக்கிறதாமே, உண்மையா?
– உயர்தர மாணவி, திருநெல்வேலி

பதில்: கைட்லர் என்ற பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. சூனியம்தான் பொய். அலிஸ் கைட்லர் வட்டிக்குப் பணம் கொடுத்த குடும்பத்துப் பெண். நாலு முறை கல்யாணம் கட்டியவள். கணவன்மாரின் முன்னைய தாரத்துப் பிள்ளைகளுக்குச் சொத்துப் போய்ச் சேரவில்லை. அவர்கள் போய் முறையிட, 1324 இல் ஆயர் ரிச்சர்ட் லெட்ரீட் அவள் மேல் சூனிய வழக்குப் போட்டார். காணிச் சண்டையில் ‘செய்வினை செய்துபோட்டாள்’ என்று சொல்வதை நாங்களும் கேட்டிருக்கிறோம்தானே.

அலிஸ் பணக்காரி, தப்பி ஓடிவிட்டாள். அகப்பட்டவள் வேலைக்காரி பெற்றோனில்லா. சவுக்கால் அடித்து ஒப்புக்கொள்ள வைத்து, அந்த வருடம் நவம்பர் 3ஆம் திகதி கில்கென்னியிலேயே உயிரோடு எரித்தார்கள். அலிஸின் மகனும் வழக்கில் மாட்டினான். அவனுக்குக் கிடைத்த தண்டனைகளில் ஒன்று, பேராலயக் கூரைக்குத் தன் செலவில் ஈயம் வேய்வது. 1332 இல் பேராலயத்தின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது, ஈயத்தின் பாரம் தாங்காமல்தான் என்று சொல்வார்கள். விடுதிக்குப் போகிறவர்கள் அலிஸைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எனக்கு அந்த வேலைக்காரிதான் நினைவில் நிற்கிறாள்.

கேள்வி: யாழ்ப்பாணக் கோட்டையை வடிவாகப் பார்க்காத சனம் அயர்லாந்துக் கோட்டைக்கு ஓடுகிறது. நீங்களும் அதற்கு வழி சொல்கிறீர்கள்!
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கோபம் சரி. ஆனால் அதைப் பார்த்தபிறகுதான் நான் எங்கள் கோட்டையை ஒழுங்காகச் சுற்றினேன். கில்கென்னிக் கோட்டை 13ஆம் நூற்றாண்டில் வில்லியம் மார்ஷல் கல்லால் கட்டியது. 1391 இல் பட்லர் குடும்பம் வாங்கி, 1935 வரை அவர்கள் கையில் இருந்தது. அந்த வருடம் சாமான்களை ஏலம் போட்டார்கள். 1967 இல் கோட்டையையே 50 பவுணுக்கு ஊர்க் குழுவிடம் ஒப்படைத்தார்கள். நாலு மூலைக் கோபுரத்தில் இன்று மூன்றுதான், 1650 இல் ஆங்கிலேயத் தளபதி கிரொம்வெல்லின் படை பீரங்கியால் அடித்ததன் மிச்சம். அப்படியிருந்தும் தூசு தட்டி, திருத்தி, ஒவ்வொரு அறைக்கும் கதை சொல்கிறார்கள். எங்களிடம் போர்த்துக்கேயர் தொடங்கி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலையாகத் திருப்பிக் கட்டிய கோட்டை இருக்கிறது. அதற்குள் 1706 இல் கட்டிய தேவாலயம் போரில் போய்விட்டது, கற்கள்தான் கிடக்கின்றன. பின்னேரம் காற்று வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கற்களுக்குக் கிட்டப் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1366 இல் கில்கென்னியில் கூடிய பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பேசக்கூடாது, ஐரிஷ்காரரைக் கல்யாணம் செய்யக்கூடாது, தடியால் பந்தடிக்கும் ஹர்லிங் விளையாடக்கூடாது. அந்தச் சட்டம் எழுதப்பட்டது பிரெஞ்சில்! மொழிச் சட்டம் என்றால் என்ன என்று 1956 இன் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தைக் கண்ட எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்றைக்கு ஹர்லிங்கில் அகில அயர்லாந்துக் கிண்ணத்தை அதிகம் வென்றது எந்த மாவட்டம் தெரியுமா? கில்கென்னிதான். கறுப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளைக் கடை வாசல்களில் காணலாம்.

கேள்வி: பாரிஸில் அக்கா வீட்டுக்குப் போக விசா கிடைத்திருக்கிறது. அதே விசாவில் அயர்லாந்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: முடியாது. அயர்லாந்திலும் யூரோதான், ஆனால் பிரான்ஸ் போன்ற நாடுகள் ஒரே விசாவில் விடுகிற ஷெங்கன் கூட்டுக்குள் அது இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அயர்லாந்து விசா தனியாக வேண்டும். லண்டன் விசா கையில் இருந்தாலும் இதே கதைதான். அதோடு, அயர்லாந்து போய்விட்டுத் திரும்பப் பாரிஸுக்குள் வர உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறைக்கு மேல் நுழைய விடுவதாக இருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் விசா ஒட்டின பக்கத்தைத் திறந்து, எத்தனை முறை என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள்.