அம்பாசடருக்கு எந்தப் பம்ப்? பழைய கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 1986 மாடல் அம்பாசடர் இருக்கிறது, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டக்கூடிய, பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்‌ஷன் கிட் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் பேசி முடித்திருக்கிறேன். பெட்ரோலைத் தள்ளும் எலெக்ட்ரிக் பம்ப் கிட்டில் வராதாம், தனியாக வாங்க வேண்டுமாம். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பை வாங்கினால் பின்னாளிலும் உதவும் என்கிறார் கடைக்காரர். டேங்குக்கு வெளியே மாட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: கடைக்காரர் அளவைப் பேசுகிறார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அழுத்தத்தை. உங்கள் வண்டியில் இப்போது உள்ள மெக்கானிக்கல் பம்ப் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டுக்குள்தான் அழுத்தம் தரும். கார்புரேட்டருக்கு அது போதும். சாதாரண எம்பிஎஃப்ஐ கார்களில் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இது 3 பார், அதாவது ஏறத்தாழ 43 பவுண்டு. கார்புரேட்டர் இடத்தில் உட்காரும் கிட்களில் பல 58 பவுண்டு கேட்கும். 15 பவுண்டிலேயே வேலை செய்யும் பழைய வகைகளும் உண்டு. கிட்டின் கையேட்டில் எந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் பம்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இனி அளவு. உங்கள் எஞ்சின் தருவது சுமார் 50 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தே ஓட்டினாலும் மணிக்கு 15 லிட்டர்தான் செலவாகும். தாராளமாக 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் கேட்கும் அழுத்தத்தில் மணிக்கு 80 லிட்டர் தரும் பம்பே உங்களுக்கு மிகையானது. 255 லிட்டர் பம்ப் வாங்கினால் எஞ்சியதெல்லாம் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்பிப் போகும். எஞ்சின் சூட்டில் காய்ந்து திரும்பும் பெட்ரோல் டேங்கையே சூடாக்கும். சித்திரை வெயிலில், டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, பம்ப் ஆவியை இழுத்துத் திணறும். பெரிய பம்ப் கூடுதல் மின்சாரமும் தின்னும். பின்னாளில் உதவும் என்பது அம்பாசடரில் பந்தயம் ஓட்டப்போகிறவருக்குப் பொருந்தலாம்.

உள்ளேயா வெளியேயா என்றால், என் ஓட்டு உள்ளே வைப்பதற்கு. இந்த வகைப் பம்புகள் பெட்ரோலைத் தள்ளுவதில் வல்லவை, இழுப்பதில் மந்தம். டேங்குக்குள் மூழ்கியிருந்தால் பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கும், இரைச்சலும் குறையும். மாருதி போன்ற கார்களுக்கான பம்ப் தொகுப்புகள் எளிதில் கிடைக்கின்றன. உங்கள் கிட் 3 பார் அளவில் வேலை செய்வதாக இருந்தால் மட்டும் அவை உதவும். ஆனால் டேங்கின் மேற்பகுதியை வெட்டி வளையம் வைக்க வேண்டியிருக்கும். காலி டேங்க்தானே என்று யாராவது வெல்டிங் தீப்பொறியைக் கிட்டே கொண்டுவந்தால் அங்கே நிற்காதீர்கள். காலி டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். நீராவியால் முழுதாகச் சுத்தம் செய்து, இந்த வேலையில் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் வெளியே மாட்டலாம். டேங்குக்கு மிக அருகில், டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, சைலன்சர் குழாயிலிருந்து விலகி. பானெட்டுக்குள் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் அளவில் பெருங்கண் ஃபில்டரும், பின்னால் 10 மைக்ரான் நுண்ஃபில்டரும் வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் நுண்ஃபில்டரில் மூச்சடைத்தே பம்ப் செத்துப்போகும்.

வளைவுகளில் வரும் சிக்கலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கியிருக்கும். பம்ப் ஓரிரு விநாடி காற்றை இழுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்தச் சேமிப்பு கிடையாது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குக் குறைந்த பெட்ரோலோடு ஏறும்போது, வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிய கணத்தில் எஞ்சின் இருமும். டேங்குக்குள் பம்பைச் சுற்றிச் சிறு தடுப்புக் கிண்ணம் வைத்தாலோ, வெளியே ஒரு சிறிய இடைத்தொட்டி வைத்தாலோ இது தீரும்.

அடுத்தது குழாய். கார்புரேட்டர் வண்டிகளுக்கு விற்கப்படும் சாதாரண ரப்பர் ஹோஸ் 50 பவுண்டு வரைதான் உத்தரவாதம். 58 பவுண்டு ஓடும் இடத்தில் அதை மாட்டுவது, சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சுவதற்கு நாள் குறிப்பது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறியீடு மேலே அச்சிடப்பட்ட ஹோஸ் கேளுங்கள். டேங்குக்குள் மூழ்கும் துண்டுக்கு ஆர்10. கிளிப்பும் இன்ஜெக்‌ஷனுக்கான, ஓரம் மடிந்த வகையாக இருக்கட்டும். பற்கள் உள்ள சாதாரணக் கிளிப் ரப்பரை அறுத்துவிடும். உங்கள் வண்டியில் டேங்கிலிருந்து முன்னால் வருவது ஒரே குழாய்தான். திரும்பும் குழாய் ஒன்று புதிதாக இழுக்க வேண்டும், அல்லது ரெகுலேட்டரை டேங்குக்குப் பக்கத்திலேயே வைத்துத் திரும்பும் தூரத்தைச் சுருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பம்பின் விலையை மட்டும் சொல்லி வண்டியை உள்ளே ஏற்றிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மின்சாரம்: உங்கள் வண்டியில் இன்னும் டைனமோ இருந்தால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். சிக்னலில் நிற்கும்போது டைனமோ அநேகமாக எதுவும் தராது. பம்போ ஓயாமல் சில ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி வயர் வர வேண்டும். ரிலேயை இயக்குவது கிட்டின் கம்ப்யூட்டராக இருக்கட்டும். சாவி திருப்பியதும் பம்ப் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடும், எஞ்சின் சுழன்றால்தான் தொடரும். நேராகச் சாவியிலிருந்து வயர் கொடுத்தால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் உடைந்த குழாய் வழியே பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; செலவு சொற்பம்.

எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் மாறவில்லைதான். ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது, அடுத்த ஐந்தாண்டுப் பதிவுப் புதுப்பிப்பின்போது வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

கேள்வி: எங்கள் பிரீமியர் பத்மினியில் மெக்கானிக்கல் பம்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) அடிக்கடி கிழிகிறது. கார்புரேட்டரை மாற்றும் எண்ணம் இல்லை. மாருதி எம்பிஎஃப்ஐ பம்ப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, மாட்டலாமா?
(வாசகி, குளச்சல்)

பதில்: கூடாது. 3 பார் அழுத்தத்தை உங்கள் கார்புரேட்டரின் ஊசி வால்வால் தாங்க முடியாது. பெட்ரோல் நிரம்பி வழிந்து சூடான மேனிஃபோல்டில் விழும். எலெக்ட்ரிக் பம்ப்தான் வேண்டுமென்றால் கார்புரேட்டருக்கென்றே விற்கப்படும் 2 முதல் 4 பவுண்டு வகையை வாங்குங்கள்.

ஆனால் அதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய வகை ரப்பருக்கு அது ஆகாது. எத்தனாலைத் தாங்கும் டயாபிரம் கொண்ட ரிப்பேர் கிட் கேட்டு வாங்குங்கள். தாங்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும், கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடற்கரை ஊரில், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு எப்படி இருக்கும் என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, உடனே செய்ய வேண்டியது. டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ, ஆயிலை மாற்றாமல் வண்டியைக் கிளப்ப வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் ‘போஷ் 044’ (போஷ் நிறுவனத்தின் பெட்ரோல் பம்ப் மாடல்) என்று போட்டு விற்ற பம்பை வாங்கினேன். மூன்றே வாரத்தில் கத்த ஆரம்பித்து நின்றுவிட்டது. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் விற்றவர். அவர் இருப்பது டெல்லியில்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் பம்புகளில் 044 ஒன்று. வழக்கத்தைவிட மிக மலிவாகக் கிடைத்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம். போகட்டும்.

பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் அடித்து வைத்திருந்தாலும் அது குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. இன்றே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே உங்களுக்கு இன்னொரு ஆதாரம். மெக்கானிக்கிடம், எந்த ஃபில்டரோடு எப்படி மாட்டினார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தவறாக மாட்டினீர்கள் என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் பதிலாக இருக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் டெல்லிக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

கேள்வி: 1972 ஃபியட். வின்டேஜ் பதிவு வாங்க நினைக்கிறோம். அதற்கு முன் இன்ஜெக்‌ஷன் போட்டுவிடலாமா? கல்யாண வாடகைக்கும் விட எண்ணம்.
(வாசகர், தக்கலை)

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2021 விதிகளின்படி 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் உள்ள வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. எஞ்சினில் மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கேள்விக்குள்ளாகும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விட முடியாது.