மசோதா இப்போது எங்கே நிற்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பட்ஜெட் கூட்டத்தொடர் நெருங்கினாலே நாடாளுமன்றத்தைப் பின்தொடர்வது எப்படி என்ற கேள்விகள் குவியும். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு மசோதாவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது என்று செய்தி படித்தேன். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் தேடினால் அப்படி ஒன்றே இல்லை. எங்கே பார்ப்பது சார்?

எங்கும் கிடைக்காது. அது இன்னும் நாடாளுமன்றத்துக்குள் வரவில்லை. அமைச்சரவை ஒப்புதல் என்பது அரசு தனக்குள் எடுத்த முடிவு. உறுப்பினர்கள் கைக்குப் போன பிறகுதான் மசோதாவின் வாசகம் பொதுவெளிக்கு வரும். அதுவரை செய்திகளில் வரும் 'முக்கிய அம்சங்கள்' எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டவை.

கூட்டத்தொடருக்கு முன்பே, எடுத்துக்கொள்ளப்படலாம் என்று அரசு நினைக்கும் மசோதாக்களின் பட்டியல் அவைச் செய்தியிதழின் இரண்டாம் பகுதியில் வெளியாகும். அதை ஒரு விருப்பப் பட்டியலாகப் பாருங்கள். அதிலிருக்கும் பல மசோதாக்கள் அந்தத் தொடரில் தலைகாட்டாமலே போகும். நான் நம்புவது அன்றன்றைய அலுவல் பட்டியலைத்தான். 'அறிமுகம்' என்று இருக்கிறதா, 'பரிசீலித்து நிறைவேற்ற' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சில சமயம் இரண்டு நாள்தான் இடைவெளி, சில சமயம் இரண்டு வருடம்.

வாசகம் கிடைத்ததும் கடைசிப் பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். நோக்கம், காரணம் பற்றிய விளக்கமும் செலவுக் குறிப்பும் அங்கேதான் இருக்கும். கூடவே, எந்தெந்த விஷயங்களை அரசு பின்னால் விதிகளாக வகுத்துக்கொள்ளும் என்று ஒரு குறிப்பும் இருக்கும். பலரும் தாண்டிப் போகும் பக்கம் அது. ஆனால் கட்டணம் எவ்வளவு, யாருக்கு விலக்கு, எவ்வளவு நாள் கெடு என்று நம்மைத் தொடும் சங்கதிகள் பெரும்பாலும் விதிகளுக்குத்தான் விடப்பட்டிருக்கும். அந்த விதிகள் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வருவது அபூர்வம்.

கேள்வி: வருமான வரி மசோதா 2025 என்று தேடினால் இரண்டு வருகிறது. ஒன்று 'திரும்பப் பெறப்பட்டது' என்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான். முதலாவது 2025 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் அறிமுகமாகி, அதை ஆராய அமைக்கப்பட்ட எம்.பி.க்களின் தெரிவுக் குழுவுக்குப் போனது. ஜூலையில் குழுவின் அறிக்கை வந்தது. திருத்தங்கள் நிறைய இருந்ததால், அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவருவதற்குப் பதிலாக அரசு ஆகஸ்ட் 8 அன்று பழையதைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்ட் 11 அன்று 'எண் 2' என்ற அடையாளத்தோடு புதிய மசோதா வந்து அன்றே மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் முடித்துவிட்டது.

பிப்ரவரி வாசகத்தை இறக்கி வைத்துக்கொண்டு இன்னமும் அதையே மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். 'அறிமுகமானபடி', 'மக்களவையில் நிறைவேறியபடி', 'இரு அவைகளிலும் நிறைவேறியபடி' என்று ஒரே மசோதாவுக்கு வெவ்வேறு கோப்புகள் இருக்கும். எதைத் திறந்திருக்கிறோம் என்று முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. அரசிதழில் சட்டமாக வந்துவிட்டால், பிறகு அது ஒன்றுதான் கணக்கு.

கேள்வி: ஆட்சிக் காலம் முடிந்தால் நிலுவையில் உள்ள மசோதாக்கள் என்ன ஆகும்?

அரசியல் சாசனத்தின் 107ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கூட்டத்தொடர் முடிவதால் எதுவும் காலாவதியாகாது. மக்களவை கலைந்தால்தான் சிக்கல். மக்களவையில் நிலுவையில் இருப்பவையும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருப்பவையும் போய்விடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவைக்கு வராமல் அங்கேயே கிடப்பவை மட்டும் பிழைத்திருக்கும். அதனால்தான் பல வருடம் பழைய மசோதாக்கள் மாநிலங்களவைப் பட்டியலில் இன்னும் 'நிலுவை' என்று காட்டுகின்றன.

மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் நிறைவேறி மக்களவைக்கு வந்தது. அங்கே எடுத்துக்கொள்ளப்படாமலே கிடந்து, 2014இல் அவை கலைந்தபோது காலாவதியானது. 2023இல் வந்தது வேறு மசோதா. 128ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதாவாக வந்து 106ஆவது திருத்தச் சட்டமானது. மசோதா எண்ணும் சட்ட எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதைத் தேடும்போது நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் எம்.பி. ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்திருக்கிறார். சட்டமாகுமா?

ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சரல்லாத உறுப்பினர் தன் பெயரில் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. கடைசியாக ஒரு தனிநபர் மசோதா சட்டமானது 1970இல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய செய்தியானது. அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். அரசு பிறகு தன் மசோதாவோடு வருவதற்கு அது ஒரு நெருக்குதல்.

கேள்வி: எங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

குரல் வாக்கெடுப்பு என்றால் முடியாது. யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார் என்பதற்குப் பதிவே கிடையாது. யாராவது டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு, கேட்டு, அது நடந்தால்தான் பெயர் வாரியாகப் பட்டியல் அன்றைய விவாதப் பதிவில் ஏறும். அரசியல் சாசனத் திருத்தங்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் டிவிஷன் கட்டாயம் இருக்கும். 2023இல் மகளிர் இட ஒதுக்கீட்டுக்கு மக்களவையில் 454 ஆதரவு, 2 எதிர்ப்பு என்ற கணக்கு அப்படி வந்ததுதான்.

கேள்வி: பட்ஜெட் விவாதத்தில் எங்கள் துறை எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. ஆனால் நிறைவேறிவிட்டது என்கிறார்கள். எப்படி?

கில்லட்டின். அமைச்சகங்கள் தங்கள் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. மக்களவை ஒரு சில அமைச்சகங்களின் கோரிக்கைகளைத்தான் எடுத்து விவாதிக்கும். எவை, எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்யும். விவாதத்துக்கு ஒதுக்கிய கடைசி நாளின் மாலையில் மீதியெல்லாம் ஒன்றாகச் சேர்த்து விவாதமின்றி வாக்குக்கு விடப்படும். 2018இலும் 2023இலும் எல்லாக் கோரிக்கைகளுமே அப்படித்தான் போயின. மாநிலங்களவைக்கு இதில் வாக்கே இல்லை. சில அமைச்சகங்களின் செயல்பாட்டை விவாதிப்பதோடு சரி.

உங்கள் துறைக்கான உண்மையான விசாரணை, இரு அவை எம்.பி.க்களும் இருக்கும் நிலைக்குழுவில் நடக்கிறது. பட்ஜெட் தொடரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே உள்ள இடைவேளையில் 24 துறைசார் நிலைக்குழுக்களும் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து, மார்ச்சில் அறிக்கை வைக்கும். சென்ற வருடம் ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை என்று கேட்டால் அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியிருக்கும். அந்தப் பதில்களுக்காகவே அறிக்கையைப் படிக்கலாம். அவையில் மூன்று மணி நேரம் கேட்டாலும் அவ்வளவு தெரியாது.

பட்ஜெட்டின் வரி மாற்றங்களைச் சட்டமாக்கும் நிதி மசோதாவையும் விட்டுவிடாதீர்கள். பிப்ரவரி உரையோடு வரி விஷயம் முடிந்ததென்று நினைக்கிறோம். 2024 ஜூலை பட்ஜெட்டில் வீடு, நிலம் விற்கும்போது விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையைச் சரிசெய்யும் சலுகை எடுக்கப்பட்டது. எதிர்ப்பு வந்தது. ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் திருத்தத்தோடு நிறைவேறியபோது, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியவர்களுக்குப் அந்தச் சலுகையோடு பழைய 20 சதவீத வரியா, சலுகையில்லாமல் புதிய 12.5 சதவீதமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. உரையை மட்டும் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

கேள்வி: ஒரு திட்டத்துக்கு ஒதுக்கீடு கூட்டியதாக அமைச்சர் சொல்கிறார், குறைத்ததாக எதிர்க்கட்சி சொல்கிறது. யாரை நம்புவது?

இருவரும் பொய் சொல்லாமலே அப்படிச் சொல்ல முடியும். செலவு பட்ஜெட் ஆவணத்தில் நான்கு பத்திகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, நடப்பாண்டு திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் கூடியிருக்கும். அதே தொகையைச் சென்ற பிப்ரவரியில் அறிவித்த மதிப்பீட்டோடு வைத்தால் குறைந்திருக்கும். நான் முதலில் பார்ப்பது உண்மைச் செலவுப் பத்தியை.

கேள்வி: இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. நாளையிலிருந்து அமலா?

சட்டத்தின் முதல் பிரிவைப் பாருங்கள். 'மத்திய அரசு அறிவிக்கும் நாளிலிருந்து' என்று இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் ஒப்புதல் பெற்றது. விதிகள் வந்தது 2025 நவம்பரில்.

கேள்வி: அன்றைய விவாதப் பதிவை அப்படியே மேற்கோள் காட்டலாமா?

உடனே ஏற்றப்படுவது திருத்தப்படாத பிரதி. அதிலேயே 'வெளியிடுவதற்கு அல்ல' என்று குறித்திருப்பார்கள். திருத்திய பதிப்பு வரும்வரை பொறுங்கள். நடுவே நட்சத்திரக் குறிகள் தெரிந்தால், அவைத் தலைவர் நீக்கச் சொன்ன சொற்கள் அங்கே இருந்தன என்று அர்த்தம். நேரலையில் நீங்கள் காதால் கேட்டிருந்தாலும், பதிவின்படி அந்தச் சொற்கள் பேசப்படவே இல்லை.