அம்மா அடுப்படிக்குப் போகலாமா?

வணக்கம்.

அம்மாவுக்கு 66 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டை முழுவதுமாக மாற்றினார்கள். பின்பக்கம்தான் தையல், அதைப் பிரித்தாகிவிட்டது. இப்போது மூன்றாவது வாரம். வாக்கரில் நடக்கிறார். வலி குறைந்ததிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பயந்துபோய் நாங்கள் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் அனுப்புகிறேன் என்கிறார் பெரியம்மா. அடுத்த மாதக் கடைசியில் கும்பகோணத்தில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வேறு. என்ன செய்வது?

— எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அம்மா கேட்பது நியாயம். போகட்டும். கட்டிலிலேயே கிடந்தால் தொடைச் சதை இளைக்கும், மலம் இறுகும், கெண்டைக்காலில் ரத்தம் உறையும். ஆனால் அவர் போவதற்கு முன்னால் சமையலறையை மாற்றுங்கள்.

பின்பக்கமாகத் திறக்கும்போது மூட்டின் பின்னுறையையும் அதை ஒட்டிய சிறு தசைகளையும் வெட்டித்தான் உள்ளே போவார்கள், முடிந்ததும் தைத்துவிடுவார்கள். உள்ளே போட்ட அந்தத் தையல் பிடித்து இறுக 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை செயற்கைப் பந்து கிண்ணத்தை விட்டுப் பின்னால் நழுவலாம். தொடை 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் வலியே காவல் காக்கும். வலி போனதும் உடம்பு பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும். நீங்கள் பயப்பட வேண்டியது இந்தக் கட்டத்துக்குத்தான்.

90 டிகிரி என்றால் காலைத் தூக்குவது மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தாலும், கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுத்தாலும் அதே மடக்குதான். பருப்பு டப்பா, அரிசி டப்பா எல்லாவற்றையும் கீழ்த்தட்டிலிருந்து மேடைக்கு ஏற்றுங்கள். அரிவாள்மனையைக் கண்ணில் படாமல் வையுங்கள். கத்தியும் பலகையும் போதும். மேடை அருகே கை வைத்த உயரமான நாற்காலி ஒன்று வேண்டும். அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 18 அங்குலத்துக்குக் குறையாத உயரம் தேவைப்படும். எழும்போது வலது காலை முன்னால் நீட்டி, நாற்காலிக் கையை ஊன்றி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது சாய்ந்துவிடும்.

அடுப்பிலிருந்து தொட்டிப் பக்கம் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். பாதத்தை ஊன்றியபடி இடுப்பை மட்டும் திருப்புவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஊன்றிய வலது காலின் மேல் வலப்பக்கம் திரும்பினால், மூட்டுக்குள்ளே கால் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும். சின்னச் சின்ன அடியாக வைத்து உடம்பு மொத்தமும் திரும்பட்டும். சூடான பாத்திரத்தைத் தூக்குவது உங்கள் வேலை. அவர் கை இரண்டும் வாக்கரில் இருக்க வேண்டும். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், அல்லது நைட்டி. மிதியடிகளை எல்லாம் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களால் ஒரு தொல்லை உண்டு. அவர்களோடு பேசிப் பேசியே இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். காலில் நீர் கோத்துக்கொள்ளும். முக்கால் மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும்.

பெரியம்மாவிடம் பக்குவமாக மறுத்துவிடுங்கள். காலில் ரத்தக்கட்டி இருந்தால், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுக்கு. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்த நாள்வரை நிறுத்த வேண்டாம். அதோடு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைச் சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். தையல் போட்ட இடத்தில் நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன் செய்த டாக்டரே பார்க்கட்டும். சட்டென்று கடும் வலி வந்து, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தால் மூட்டு நழுவிவிட்டது என்று பொருள். இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: நின்ற உயரத்திலிருந்து விழுந்தே இந்த எலும்பு முறிந்திருக்கிறது என்றால் எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) தனியாக வைத்தியம் வேண்டும். மூட்டை மாற்றியதோடு பல வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள். அப்படி விட்டால் அடுத்து முறிவது இடது இடுப்பாக இருக்கலாம். வைட்டமின் டி அளவையும் எலும்பை உறுதியாக்கும் மருந்தையும் பற்றி அடுத்த முறை நீங்களே கேளுங்கள்.

கல்யாணத்துக்கு, டாக்டர் சரி என்றால், காரில் போகலாம். முன்சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துவிடுங்கள். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை விரித்து, முதலில் பின்புறத்தை உள்ளே வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். உட்கார்ந்ததும் உறையை உருவிவிடலாம். வழியில் ஒருமுறை இறங்கி நடக்கட்டும். மண்டபத்தில் தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டும் உண்டா என்று இப்போதே போனில் கேட்டுவிடுங்கள். அந்தப் பீங்கான் மேல் வைக்கும் 4 அங்குல உயர்த்தியையும் கையோடு எடுத்துப் போங்கள். படி ஏற வேண்டி வந்தால் இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். மணமக்கள் காலில் விழ வந்தால் அம்மா குனிந்து தூக்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அட்சதை போடட்டும்.