சர்க்கரைப் புண்ணுக்கான மருந்து ஆராய்ச்சியில் அம்மாவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

"சோதனை எலி ஆக்கிடுவாங்க" என்று உங்கள் வீட்டில் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா சொன்னார். நான் டாக்டர் இல்லை, மருந்து கம்பெனிக்கு ஆள் பிடிப்பவனும் இல்லை. பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவன்.

அப்பாவுக்குக் கால் பெருவிரலில் ஆறாத புண். பெங்களூரில் காட்டியபோது, புது ஜெல் ஒன்றை ஆராய்கிறோம், சேருகிறீர்களா என்றார்கள். கொடுத்தது கன்னடப் படிவம். தமிழில் வேண்டும் என்றதும் முகம் சுருங்கியது. ஆனால் அடுத்த வாரம் வந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு நாள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் கைநாட்டு வாங்கினார்கள்.

பாதிப் பேருக்கு மருந்துள்ள ஜெல், மீதிப் பேருக்கு வெறும் ஜெல். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லோருக்கும் உண்டு. அப்பா கேட்டார்: "குலுக்கல் சீட்டு மாதிரியா? அதுல நமக்கு எப்பவும் கடைசிலதானேடா விழும்?"

நீங்கள் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்தே ஆகவேண்டும். பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்பது படிவத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. இதற்கெல்லாம் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், ஏழாவது படிக்கும்போது சிலர் பள்ளிக்கு வந்து எங்களை வரிசையில் நிறுத்தி 'ஈ' காட்டச் சொன்னார்கள். பாட்டிலில் சிறுநீர் வாங்கிப் போனார்கள். பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்லில் கறை ஏற்றும் ஃப்ளோரைடு எந்த போர் தண்ணீரில் அதிகம் என்று திரும்பி வந்து சொல்லவும் இல்லை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, சரி. சின்ன வயதில் பல்லில் ஏறிய கறை அதில் போகுமா? பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை புகையிலை போடுவாரா என்று என் காதுபடக் கேட்டார்கள்.

அப்பா நாலு மாதம் போய்வந்தார். புண் ஆறிவிட்டது. ஜெல்லாலா, ஒழுங்காகக் கட்டு மாற்றியதாலா, தெரியாது. முடிவு வந்ததும் சொல்கிறோம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.